சங்கரன் சாப்பாடு பற்றி வள்ளிக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ பாதியில் அழுதுவிடுகிறாய், நான் மீதியில் கத்திவிடுகிறேன். அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நீ அனுப்பிய பேரன் சங்கரனின் ரிப்போர்ட்டுகளை இங்கே குழந்தை டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயில் காசோ பேட்டரியோ சிக்கியிருக்கவில்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த படத்தில் உணவுக்குழாய் எங்கும் சுருங்கவில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் தடம் மாறி உணவுக்குழாயை நெரிப்பது சில பிள்ளைகளுக்கு உண்டாம், அதற்கும் அடையாளம் இல்லை. அங்கே பெங்களூரில் டாக்டர்கள் உன்னிடம் "எல்லாம் நார்மல், வளர வளரச் சரியாகிவிடும்" என்றார்களே, அதில் முதல் பாதி படம் சொன்னது, மறுபாதி அவர்களாகச் சேர்த்தது. கஞ்சி குடிக்கிற பிள்ளை இட்லியை மட்டும் கன்னத்தில் அதக்கி வைத்து, கடைசியில் ஓங்கரித்துத் துப்புகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. என்ன என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிகிறவரை அவனைப் புரையேறாமலும் பசியில்லாமலும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் எடை. அங்கன்வாடியில் தராசில் தொட்டில் கட்டிப் பிள்ளைகளை நிறுத்தே வயசானவள் நான். ஒரு நாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு என்பது எங்கள் வாய்ப்பாடு. சங்கரன் இன்னும் அட்டையின் பச்சைப் பகுதியில்தான் இருக்கிறான். ஆனால் இந்த வயதில் மாசம் 200 கிராமை ஒட்டி ஏற வேண்டிய கோடு கொஞ்ச நாளாகப் படுத்துக் கிடக்கிறது. மாசம் ஒருமுறை அதே தராசில் போட்டால் போதும். தினமும் போட்டாயானால் உனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

அடுத்தது உட்காரவைக்கிற விதம். நீ அனுப்பிய வீடியோவில் மாடியில் நிலாவைக் காட்டி ஊட்டுகிறாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை அண்ணாந்து பார்க்கிற நேரம் பார்த்து வாயில் கவளம் போகிறது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், புரையேற அதுவே போதும். நிலா சாப்பாட்டுக்குப் பிறகு வரட்டும். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, பாதம் தொங்காமல் எதன் மேலாவது ஊன்றி, தாடை லேசாகக் கீழே இறங்கி இருக்க வேண்டும். ஊட்டுகிற நீ அவன் முகத்துக்கு நேரே தணிந்து உட்கார். நின்றுகொண்டு ஊட்டினால் அவன் உன்னை அண்ணாந்துதான் பார்ப்பான். போனில் பாட்டுப் போட்டு ஊட்டுவதையும் விட்டுவிடு. வாயில் சோறு இருப்பதே தெரியாமல் விழுங்குகிறான்.

ரசம் சாதம் இப்போது வேண்டாம். உனக்கு அது லேசான சாப்பாடு, அவனுக்கு அதுதான் சிரமம். ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடும், பருக்கை பின்னால் நிற்கும், இரண்டையும் ஒரே வாயில் சமாளிக்கத் தெரியாத பிள்ளைக்கு விக்கும். குழைய வடித்த சாதத்தைத் தயிரும் நெய்யும் விட்டு மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக விழுகிற பதத்தில் கொடு. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மசித்த சாப்பாட்டில் கட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகம் முழுக்க ஒரு அளவு வைத்திருக்கிறார்களாம். நம்ம ஊர்க் கணக்கில் ரவையைவிடக் கொஞ்சம் பெரிது. முழுக் கடலை, பொட்டுக்கடலை, திராட்சை, முறுக்கு எதுவும் வீட்டில் அவன் கைக்கு எட்டக்கூடாது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். அவன் விழுங்குவதைச் சோதித்துப் பார்க்காமல் அதைத் தொடாதே.

கட்டாயப்படுத்தாதே. வாயை மூடிக்கொண்டால் தட்டை எடுத்துவிடு, அரைமணிக்கு மேல் இழுக்காதே. என்ன தருவது, எப்போது தருவது இரண்டும் உன் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பாடு. மூக்கைப் பிடித்து ஊட்டிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் சரியான பிறகும் கரண்டியைக் கண்டாலே அலறும்.

இனி உன் அத்தை சொல்கிற விஷயம். திருஷ்டி சுற்றிப் போடுவதானால் போடட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தொக்கம் எடுக்க, அதாவது தொண்டையில் சிக்கியதை உறிஞ்சி எடுக்கிறேன் என்பவர்களிடம், கூட்டிப்போக மட்டும் விடாதே. வாயில் ஊதி, உறிஞ்சி, "இதோ பார் முடி, இதோ பார் கருவேப்பிலைத் துண்டு" என்று கையில் காட்டுவார்கள். அது அவர்கள் கையிலேயே வந்த சாமான். ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளையின் தொண்டையில் விரலையோ எண்ணெயையோ விட்டால் நேரே நெஞ்சுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். இதில் எனக்கு மரியாதை தாட்சண்யம் கிடையாது.

நீ போக வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்டிடம். "அவன் நன்றாகத்தானே பேசுகிறான்" என்று மாப்பிள்ளை கேட்பார். விழுங்குவதற்கும் அவர்கள்தான் பயிற்சி பெற்றவர்கள். மத்திய அரசின் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போ. பெங்களூரில் அமையவில்லை என்றால் மைசூரு பக்கம்தானே. அங்கே 1965 முதல் மத்திய அரசின் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. விழுங்கும் கோளாறுகளையும் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் சாப்பிடச் சாப்பிட ஓடுகிற எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். நீ எடுத்த பேரியம் படம் வேறு, இது வேறு. இருமல் வராமலேயே சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதை இதில் பார்க்க முடியும். ஆஸ்பத்திரியில் அவன் ஒரு வாய்கூடத் திறக்க மாட்டான், வீட்டில் சாப்பிடுகிற வீடியோவைக் கையில் வைத்துக்கொள். எந்தப் பதம், எவ்வளவு நேரம், இருமினானா, குடித்தபின் குரல் கரகரத்ததா என்று ஒரு நோட்டிலும் எழுது.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற என்டோஸ்கோப்பிக்கு நீ பயப்படுவது புரிகிறது. மயக்கம் கொடுப்பார்கள் என்றதும் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் டாக்டர் ஒன்று சொன்னார். அவனுக்குத் தோலில் கரப்பான் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வீசிங். இந்த மாதிரிக் குடும்பத்தில் சில பிள்ளைகளுக்கு உணவு ஒவ்வாமையால் உணவுக்குழாயின் உள்தோலில் ஈசினோஃபில் என்கிற ஒருவகை வெள்ளை அணுக்கள் வந்து சேரும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியலாம். பல இடங்களில் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியவரும். அதனால் "ஸ்கோப் மட்டும் போதும்" என்று விடாதே, அந்தத் துணுக்குச் சோதனை, பயாப்ஸியும் எடுக்கச் சொல். இதுதான் என்று அவர் சொல்லவில்லை, பார்க்காமல் விடக்கூடாது என்றார். அதற்குள் யார் பேச்சையோ கேட்டுப் பாலை நிறுத்திவிடாதே, சோதனையில் தெரிய வேண்டியது மறைந்துபோகலாம். இப்போது அவன் உடம்பில் ஒட்டுகிறதில் பாதி அந்தப் பால்தான்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, பொத்தான் பேட்டரி எதையாவது விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலோ எனக்குப் போன் பண்ணாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. பேட்டரி 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அடைத்துக்கொண்டு சத்தமே வரவில்லை என்றால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடாதே. நீயும் மாப்பிள்ளையும் இதை நேரில் ஒருவரிடம் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்புக்குத் தேதி வாங்கியதும் சொல். முதல் நாளே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிடுகிறேன். தொக்க விஷயமாக உன் அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா