சாவி தராத காரும் தவறிப்போன ஞாயிற்றுக்கிழமையும்: சிசிலி பயணம் குறித்துப் புகார்

அனுப்புநர்: கருப்பட்டி வியாபாரி, சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, மதுரை.

நாள்: 18.11.2024

பொருள்: முழுப் பணம் கட்டியும் கார் கிடைக்காதது, தோட்டப் பயணம் தவறியது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

இத்தாலியின் சிசிலி தீவில் நாமே கார் ஓட்டிக்கொண்டு எட்னா எரிமலையையும் அதன் சரிவில் உள்ள திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துவரும் உங்கள் திட்டத்தில், அக்டோபர் 5 முதல் 13 வரை நானும் என் மனைவியும் மகனும் போய்வந்தோம். முழுப் பணமும் செப்டம்பரிலேயே கட்டியாகிவிட்டது.

நாங்கள் ஏன் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தமிழ்க் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. செம்புக் கொப்பரையில் திராட்சைச் சாறு கொதிக்கிறது, பக்கத்தில் ஒரு பாட்டி அகப்பையோடு நிற்கிறார். எங்கள் பக்கம் பதநீர் காய்ச்சுவது பெண்கள் வேலை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், புகையோடு நின்றவள் என் மனைவி. படத்தைப் பார்த்ததும், "நம்ம தாச்சி மாதிரியே இருக்கே, இவங்க பதம் எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்டாள். அங்கே திராட்சை எல்லாமே ஒயினுக்குப் போய்விடுவதில்லை. புதுச் சாற்றில் கொஞ்சத்தைச் சுண்டக் காய்ச்சி 'மோஸ்டோ கோட்டோ' என்று பாகு எடுக்கிறார்கள். புளிப்பு முறிய விறகுச் சாம்பல் சேர்ப்பதும் உண்டு. பதநீர் புளிக்காமலிருக்க நாங்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதுபோலத்தான். எங்களுக்கு ஒயின் பழக்கம் கிடையாது. அவள் பார்க்க விரும்பியது அந்தக் கொப்பரையை. எட்னாவின் வடசரிவில் அறுவடை அக்டோபரில் நடக்கும் என்பதால் அந்த மாதத்தையே கேட்டு வாங்கினோம். அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, லிங்குவாகுளோசா பக்கத்தில் ஒரு குடும்பத் தோட்டம் என்று எழுதியும் கொடுத்தீர்கள்.

சனிக்கிழமை இரவு கத்தானியா விமான நிலையத்தில் இறங்கினோம். ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, என் லைசென்ஸ், உங்கள் ரசீது எல்லாம் கையில் இருந்தன. கார் கவுன்ட்டரில் இருந்த பெண் அவற்றை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "கிரெடிட் கார்டு?" என்றார். டெபாசிட் பிடிக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமாம். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு மகனுடையது, ஆனால் அவனுக்கு ஓட்டும் அனுமதி இல்லை. கார் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அது அவர்கள் விதி. மதுரையில் உங்கள் ஆள் என்னிடம் சொன்னது இது: "எல்லாம் கட்டியாச்சுண்ணே, போய் சாவிய வாங்கிக்க வேண்டியதுதான்." கார்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மகனுக்கும் அனுமதி வாங்கி, காரை அவன் பெயரில் பதிந்திருப்போம்.

24 மணி நேர எண் என்று நீங்கள் கொடுத்ததற்கு அங்கிருந்து ஒன்பது முறை அழைத்தேன். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. கடைசியில் எடுத்தவர், "திங்கக்கிழமை ஆபீஸ் திறந்ததும் பேசுங்க" என்று வைத்துவிட்டார். விமான நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுத்தோம். மறுநாள் ரயிலிலாவது போய்விடலாம் என்று விசாரித்தால், எட்னாவைச் சுற்றி ஓடும் அந்தச் சின்ன ரயிலுக்கு ஞாயிறு விடுமுறை. டாக்சிக்காரர் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அன்று முழுக்க என் மனைவி அறை ஜன்னலில் உட்கார்ந்து, தூரத்தில் புகைந்துகொண்டிருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டெபிட் கார்டுக்குக் கார் தரும் உள்ளூர்க் கடை ஒன்றை மகன் தேடிக் கண்டுபிடித்தான். மதியம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தபோது, கழுவிக் கவிழ்த்த கொப்பரை முற்றத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதனடியில் அணைந்த விறகும் சாம்பலும் கிடந்தன. காற்றில் வெந்த சர்க்கரை வாசனை இன்னும் போகவில்லை. என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நேத்துதான் இறக்கியிருக்காங்க" என்றாள். முப்பது வருடம் பதம் பார்த்தவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

மீதி நாட்கள் நன்றாகவே போயின, அதையும் சொல்ல வேண்டும். எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய கறுப்புச் சுவர்கள், படிப்படியாக இறங்கும் சரிவுகள், ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டுக் குட்டையாக வளர்த்திருக்கும் விதம், எல்லாமே மனதில் நிற்கின்றன. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி அங்கே எரிமலைப் பாறை மேல் காய்த்துக் கிடக்கிறது, பழத்தைக் கடையில் வைத்து விற்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டுவதும் இரண்டாம் நாளே கைவந்துவிட்டது.

ஆனால் அதே தீவின் சிராகூசா நகரில் இன்னொரு தவறு நடந்தது. ஓர்த்திஜா பழைய நகருக்குள் அனுமதியில்லாத கார்களைக் கேமரா படம் பிடிக்கும். உங்கள் வழித்தாளோ அதற்குள்ளேயே ஹோட்டல் வரை போகச் சொன்னது. போன வாரம் என் கார்டில் 45 யூரோ பிடித்திருக்கிறார்கள். அது என் விவரத்தை அங்கே அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காகக் கார் கடை பிடித்த கட்டணம்தான், அபராதம் இனிமேல்தான் வரும்.

என் மின்னஞ்சலுக்கு, நிபந்தனைகளின் 14-ஆம் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது என்று பதில் அனுப்பினீர்கள். அந்தப் பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசைகாட்டும் கையேடு தமிழில், பணம் பேசியது தமிழில். காரே கிடைக்காமல் போகக்கூடிய விஷயத்தை மட்டும் எனக்குத் தெரியாத மொழியில் வைத்தது நியாயமா?

நான் கேட்பது இது. கிடைக்காத காருக்குக் கட்டிய ரூ. 41,000, இரண்டு இரவு அறைக்கு ஆன ரூ. 22,020, தோட்டப் பயணத்துக்கு உங்கள் பில்லில் போட்ட ரூ. 18,000, ஆக ரூ. 81,020. உள்ளூர்க் கடையில் எடுத்த காருக்கு ஆன செலவைக் கேட்கவில்லை. கார் எப்படியும் வேண்டியிருந்தது. ஓர்த்திஜா அபராதம் வந்தால் அது உங்கள் பொறுப்பு.

அப்புறம், டிசம்பர் பயணத்துக்கு இதே திட்டத்தை விளம்பரம் செய்கிறீர்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை எட்னா மலைச் சாலைகளில் பனிக்கால டயரோ சக்கரச் சங்கிலியோ கட்டாயம். பனியையே பார்த்திராத எங்கள் பக்கத்து ஆட்களும் உங்களிடம் பணம் கட்டுவார்கள். கார்டு, அனுமதி, கேமரா, சங்கிலி இவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, பணம் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுங்கள்.

15 நாட்களில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ரசீதுகள், கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்த மறுப்புத் தாள், கார்டு கணக்கு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாயல்குடி