ஓர் ஆணி எந்தப் பாடத்தில் வரும்?

அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் மகளுக்குத் தேர்வு. வளிமண்டலப் பாடத்தைச் சொல்லச் சொன்னேன். நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 என்று கடகடவென ஒப்பித்தாள். அடுக்குகளும் வரிசை மாறாமல் வந்தன. சரி, இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது இந்தப் பாடத்துல இல்லப்பா" என்றாள்.

உண்மைதான். உங்கள் புத்தகத்தில் காற்று ஒரு பாடம், நீர் இன்னொன்று, கனிமம் வேறொன்று. உயிரினங்கள் எங்கேயோ கடைசியில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே இல்லை.

கைக்கு அகப்பட்ட ஓர் இரும்பு ஆணியை அவளிடம் கொடுத்தேன். இதைக் கனிம வளம் என்பீர்கள். ஆனால் இதன் கதை கடலில் தொடங்குகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். அப்போது சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் வெயிலில் உணவு தயாரித்து, ஆக்சிஜனைக் கழிவாக வெளியே தள்ளின. அது இரும்போடு சேர்ந்து துருப்போலக் கடலடியில் படிந்தது. வரிவரியாக இருக்கும் அந்தப் பாறையைத்தான் இன்று இரும்புத் தாது என்று வெட்டுகிறோம். இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கியது போக மிஞ்சிய ஆக்சிஜன்தான் மெல்ல மெல்லக் காற்றில் சேர்ந்தது.

தாதுவை உருக்கப் பெரும்பாலும் நிலக்கரி வேண்டும். அது பழங்காலக் காடுகள் காற்றிலிருந்து இழுத்து வைத்த கார்பன். உலையில் எரிந்து மறுபடி காற்றுக்கே போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எல்லாப் பழியும் ஆணிக்கு இல்லை, ஆனால் ஆணிக்கும் பங்கு உண்டு.

அப்புறம் உங்கள் 'புதுப்பிக்கத்தக்க வளங்கள்' அட்டவணை. அதில் தண்ணீர் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. கிழக்குச் சகாராவுக்கு அடியில் நூபிய மணற்கல் பாறைகளில் இருக்கும் நீர், அந்தப் பாலைவனம் பசுமையாக இருந்த காலத்து மழை. இறைத்தால் நம் பேரன் பேத்தி காலத்திலும் நிரம்பாது. அதே சகாராவின் தூசியைக் காற்று அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோய் அமேசான் காட்டுக்குப் பாஸ்பரஸ் உரமாகப் போடுகிறது. இது உங்களுக்குக் காற்றா, மண்ணா, காடா?

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பாடமாவது ஒரு பொருளின் பின்னாலேயே நடக்கட்டும். இடம் இல்லை என்றால் வளிமண்டல அடுக்குகளின் உயரத்தை மனப்பாடம் செய்யும் பகுதியைக் குறையுங்கள். அந்த எல்லையே நிலையாக நிற்பதில்லை. அடியடுக்கு துருவத்தில் 8 கிலோமீட்டர் அளவில் முடிந்தால், நிலநடுக்கோட்டில் 16 வரை போகிறது.

ஆணியை மகள் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள். இன்று மூன்றாம் நாள், ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கிறது. நோட்டில் எந்தப் பாடத்துக்குக் கீழே எழுதுவது என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்