வரைபடத்தை முழுதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், குளிர்ந்ததும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகளைப் பற்றி வந்த கட்டுரை எளிமையாக இருந்தது, மகிழ்ச்சி. ஆனால் 'உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பெரிதாகப் பாதிக்காமல் ஓடுகின்றன' என்ற வரி செம்புக் கம்பிக்குத்தான் சரி. கட்டுரை பேசும் தாமிர ஆக்ஸைடுகளுக்கு அது பொருந்தாது.

முதுகலை மாணவர்களுக்கு இந்தச் சோதனையை நடத்துகிறவன் நான். இட்ரியம் பேரியம் தாமிர ஆக்ஸைடு வில்லை கன்னங்கரேலென்று இருக்கும். வெள்ளிப் பசையால் அதில் நான்கு கம்பிகளை ஒட்டி, திரவ நைட்ரஜன் குடுவைக்குள் மெல்ல இறக்குவோம். 90 கெல்வினுக்குப் (சுமார் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ்) பக்கத்தில் மின்தடை சடாரென்று விழும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். அறை வெப்பநிலையிலிருந்து அதுவரை, மின்தடை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல இறங்கிவந்த கோட்டை யாரும் கவனிப்பதில்லை. செம்பிலும் நேர்கோடுதானே என்று கேட்கலாம். அது அணுக்களின் அதிர்வால் வருவது, நன்றாகக் குளிர்ந்ததும் வளைந்துவிடும். எலக்ட்ரான்கள் தமக்குள் மோதுவதால் வரும் தடையோ, ரஷ்ய இயற்பியலாளர் லாண்டாவின் 1956 கோட்பாட்டுப்படி, வெப்பநிலையின் வர்க்கமாக மாற வேண்டும். பிஸ்மத் கலந்த ஒரு தாமிர ஆக்ஸைடிலோ சுமார் 10 கெல்வினிலிருந்து 700 கெல்வின் வரை நேர்கோடுதான்!

இதை விளக்க எழுந்த கருத்துகளில் ஒன்றுக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சனும் 1988இல் ஒன்றைக் காட்டினார்கள். ஓர் அணுவிடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து இருக்க முடியாது என்ற கட்டுப்பாட்டிலிருந்தே, படிகத்துக்குள் மின்காந்தப் புலம் போல எலக்ட்ரான்களைப் பாதிக்கும் ஒரு 'கேஜ் புலம்' பிறக்கிறது. அதன் மின்விசை போன்ற பகுதியை எலக்ட்ரான் கூட்டம் மறைத்துவிடும். காந்தம் போன்ற பகுதியை அப்படி மறைக்க முடியாது. அதன் ஏற்ற இறக்கங்கள் மெதுவானவை, வெகுதூரம் பரவுபவை. அவற்றில் சிதறிச் சிதறி, சிதறாமல் நெடுநேரம் ஓடும் என்று லாண்டா சொன்ன நீண்ட ஆயுள் எலக்ட்ரானுக்கு இல்லாமல் போகிறது. சாதாரண உலோகத்திலும் உண்மையான காந்தப்புலத்தால் இது நடக்கும் என்று 1973இலேயே கணக்கிட்டார்கள். ஆனால் செம்பில் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் இருநூறில் ஒரு பங்குதான் என்பதால் விளைவு மிகமிகச் சிறிது. படிகத்துக்குள் பிறக்கும் புலத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை. 1990இல் நாகவோசாவும் பேட்ரிக் லீயும் இதிலிருந்தே நேர்கோட்டு மின்தடையை வருவித்தார்கள்.

தாமிர ஆக்ஸைடில் இதுதான் முடிவான விடை என்று சொல்ல மாட்டேன், விவாதம் நடக்கிறது. காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் அடுக்குகளில் நிலைமை இன்னும் தெளிவு. பல டெஸ்லா காந்தப்புலத்தில், எலக்ட்ரான்களுக்குக் காந்தப்புலம் வகுக்கும் ஆற்றல் படியான லாண்டா மட்டம் பாதி நிரம்பியிருக்கும்போது, ஒவ்வொரு எலக்ட்ரானும் காந்தப் பாயத்தின் மிகச்சிறு அலகுகள் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறது. ஜெயினேந்திர ஜெயின் 1989இல் முன்வைத்த கூட்டுத்துகள் இது. சராசரிப் புலம் ரத்தாகி, அவ்வளவு பெரிய காந்தத்துக்குள் ஓர் உலோகம் உருவாகிறது. ரத்தாகாமல் எஞ்சும் ஏற்ற இறக்கமே அங்கே கேஜ் புலம். ஹால்பெரின், லீ, ரீட் மூவரும் 1993இல் இதைக் கோட்பாடாக்கினார்கள். பெல் ஆய்வகத்தில் மேற்பரப்பு ஒலியலைகளை அனுப்பிப் பார்த்த சோதனைகளும் அதற்கு ஒத்துவந்தன.

இதைப் பற்றித் தனிக் கட்டுரை வர வேண்டும். பாஸ்கரனின் பெயரும் அதில் இருக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அப்புறம், நீங்கள் அச்சிட்ட வரைபடம் 120 கெல்வினோடு வெட்டப்பட்டிருந்தது. அடுத்த முறை 300 கெல்வின் வரை போடுங்கள்.

இயற்பியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை