பூச்சி ஜீனோம் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பயிர்ப்பூச்சிகளின் ஜீனோமை, அதாவது முழு மரபுத்தொகுதியைப் படித்தறியும் திட்டங்களில் கணினி உயிரியலாளரைத் தரவு வந்தபின் அழைக்கிறீர்கள். ஜீனோம் பொதுத்தளத்தில் ஏறியதும் அனுப்பிவிடுகிறீர்கள். இரண்டுமே தவறு.

ஒரு வெள்ளை ஈயில் கிடைக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம். அதனால் பல ஈக்களைச் சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் சற்றே மாறுபட்ட பிரதிகளைச் சுமப்பவை. டி.என்.ஏ. துண்டுகளை ஜீனோமாகக் கோர்க்கும் மென்பொருள் ஒரே மரபணுவின் மாற்றுவடிவங்களைத் தனித்தனி மரபணுக்களாக எண்ணிக்கொள்ளும். உயிரணுவின் டி.என்.ஏ. அளவை நேரடியாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி காட்டிய அளவைவிட ஜீனோம் பெரிதாகத் தெரியும். ஒற்றைப் பிரதியாக இருக்கவேண்டிய மரபணுக்களைத் தேடிப்பார்க்கும் பஸ்கோ சோதனையில் இரட்டிப்பு விழுக்காடு ஏறும். மிகையான பிரதிகளைப் பிறகு கழித்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் அந்தக் கழிப்பில் உண்மையாகவே இரட்டித்த மரபணுக்களும் போய்விடக்கூடும். பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் நொதிகளுக்கான பி450 மரபணுக் குடும்பத்தில் அப்படிப்பட்டவை ஏராளம். எதிர்ப்புத்திறனை ஆராயவே பணம் ஒதுக்கிவிட்டு அதையே தொலைப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

தொடக்கத்திலேயே கணினி உயிரியலாளர் உடனிருந்தால், ஒரே பூச்சியிலிருந்து நெடுவாசிப்பு, அதாவது நீண்ட டி.என்.ஏ. துண்டுகளை ஒரே ஓட்டத்தில் படிக்கும் தரவு எடுக்கச் சொல்வார். தேனீ, குளவி வகையென்றால் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்ட ஆணைக் கேட்பார். திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கச் சொல்வார். அறைவெப்பத்தில் மாதக்கணக்கில் எத்தனாலில் கிடந்த மாதிரியில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகியிருக்கும். எந்தப் பயிரில், எங்கே, என்றைக்குப் பிடித்தது என்ற குறிப்பையும் விடமாட்டார். வெள்ளை ஈயின் பெமிசியா டபாசி என்ற ஒரே அறிவியல் பெயருக்குள் கண்ணால் பிரித்தறிய முடியாத பல இனங்கள் இருக்கின்றன.

நிரல் குறித்துத் தந்த மரபணுப் பட்டியலைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை ஜீனோம் வெளியான பிறகுதான். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பி450 மரபணுக்களைத் தானியங்கி நிரல் ஒன்றாக ஒட்டிவிடும். அந்தப் பிழையை நம்பி, ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறைக்கு ஆர்.என்.ஏ. இழை வடிவமைப்பவர், எந்த மரபணுவை அடக்கினோம் என்றே அறியாமல் பருவத்தைக் கழிப்பார். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என ஒவ்வொரு பருவத்து ஆர்.என்.ஏ. தரவையும் பக்கத்தில் வைத்து, அப்பல்லோ என்ற திருத்த மென்பொருளில் ஒவ்வொரு மரபணுவாகப் பார்க்கவேண்டும். இதற்குக் கட்டுரை கிடைப்பதில்லை. பதவி உயர்விலும் கணக்கில்லை. பழகிய கை வேறு துறைக்குப் போய்விடுகிறது.

ஆகவே, மாதிரி சேகரிக்கும் முன்பே கணினி உயிரியலாளரை நியமியுங்கள். ஜீனோம் வெளியான பின் குறைந்தது இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். திருத்திய மரபணுப் பட்டியலின் ஒவ்வொரு பதிப்பையும் அவர் பெயரில் ஆய்வுப்பணியாக ஏற்று, அடுத்த விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பூச்சி ஜீனோமில் பணிபுரியும் கணினி உயிரியலாளர்கள்