ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூச்சிரைப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் எல்லாம் சரி, மருந்துக்கடை கவுன்ட்டரில் இன்ஹேலரை இழுக்கச் சொல்லித்தருவது மட்டும் விட்டுப்போயிற்று.

என் அம்மாவுக்கு 68 வயது. புகைப்பழக்கம் கிடையாது, நாற்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொன்ன டாக்டர், தூள் அடைத்த கேப்ஸ்யூலும் அதைப் போட்டு இழுக்கும் இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார். கடையில் இரண்டையும் ஒரே கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு" என்றார்கள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனேன். இன்ஹேலர் பிரிக்காத டப்பாவோடு அலமாரியில் இருந்தது. அம்மா கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். "இத்தனை மாத்திரை போட்டும் இளைப்பு நிக்கலையேடி" என்று என்னிடமே குறைபட்டார். அவரைச் சொல்லி என்ன? கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே. டாக்டர் காட்டியிருக்கலாம்தான், ஆனால் வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறொரு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மருந்தாளுநர், டி.பார்ம். முடித்த சின்னப் பெண், அம்மாவையே செய்து காட்டச் சொன்னார். "மூச்சை முதல்ல வெளிய விடுங்கம்மா. இதுக்குள்ள ஊதிடாதீங்க, தூள் ஈரமாயிடும். இப்ப உதட்டை இறுக்கி வேகமா இழுங்க. அப்படியே பத்து எண்ணுங்க." அப்புறம் கருவியைத் திறந்து காட்டினார். பாதித் தூள் அப்படியே இருந்தது. "மறுபடி இழுங்க" என்றார். பக்கத்து வீட்டு மாமா வைத்திருக்கும் பம்ப் வகைக்கு இதற்கு நேர்மாறாம்: குலுக்கிவிட்டு, இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மெதுவாக இழுக்க வேண்டும். அம்மாவின் மருந்தில் ஸ்டீராய்டும் இருப்பதால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியுமாம். மொத்தமே ஐந்து நிமிஷம். பின்னால் நின்ற ஒருவர் சில்லறையைத் தட்டித் தட்டிப் பொறுமையிழந்தார்.

மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் பல கடைகளில் சீட்டை வாங்குபவர் மருந்தாளுநரே அல்ல; சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். இங்கிலாந்தில் 2011 முதல், ஒருவர் புதிதாக இன்ஹேலர் தொடங்கினால் முதல் சில வாரங்களில் மருந்தாளுநரே மறுபடி பேசி, சரியாகப் பயன்படுத்துகிறாரா என்று விசாரிக்கிறார். அதற்கு அரசுச் சுகாதாரத் துறை கடைக்குப் பணமும் கொடுக்கிறது. சும்மா செய் என்றால் யார் செய்வார்கள்?

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அவற்றை நடத்த மருந்தியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அங்கிருந்து தொடங்கலாமே. கடைக்கு ஒரு மருந்தில்லாத மாதிரி இன்ஹேலர், புதிதாக வாங்குபவருக்கு ஐந்து நிமிஷம், இரண்டு வாரம் கழித்து ஒரு போன்.

அந்தப் பெண் அடுத்த மாதம் சீட்டோடு இன்ஹேலரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதே மஞ்சள் பையில் ஒரு கர்சீப்பில் சுற்றி வைத்திருக்கிறார். தினமும் இழுக்க அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மறுபடி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்