மிஷனெரி வீட்டுப் பிள்ளைக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் தரங்கம்பாடியில் சுகமாயிருக்கிறோம். உன் மகளின் பள்ளியில் தகப்பனாரின் பிள்ளைப்பருவத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள் என்றும், ஊரார் உன்னைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறொன்றும் நினைவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டாய் என்றும் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஊர் சிரித்தது உண்மைதான். எதற்குச் சிரித்தது என்பதையும் பேத்தி தெரிந்துகொள்ளட்டும்.

1706இல் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் நம்முடையது. ஆகையால் மிஷனெரி என்பவர் கடல்கடந்து இங்கே வருகிறவர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இங்கிருந்து ஒரு குடும்பம் மிஷனெரியாகத் தான்சானியாவுக்குப் போகிறது என்பதை உறவினர் நம்பவே நாளாயிற்று. போன இடத்திலும் அப்படித்தான். 1893இல் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனார் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துக்கு வந்த காலந்தொட்டு அங்குள்ளவர்கள் பார்த்துப் பழகிய மிஷனெரிகள் வெள்ளைக்காரர்கள். இந்தியர் என்றால் நாம் குடியிருந்த மோஷி ஊரின் கடைவீதியில் வியாபாரம் செய்யும் குஜராத்திகள். எனவே நம் வீட்டைக் கடையென்று நினைத்துச் சர்க்கரை கேட்டு வந்த ஒரு பாட்டியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், நீ என் சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஆழாக்கில் தலைதட்டி அளந்து கொடுத்து, வாங்கிய காசை அப்பாவின் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டாய். மறுநாள் அந்தப் பாட்டி பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வந்தார்! அன்றைக்கு நானும் அப்பாவும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் வந்த வருடம் தாத்தாவுக்குக் கண்புரை அறுவை செய்து, கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கடிகாரம் பார்த்துச் சொல்லும் வேலை உனக்கு. தான்சானியாவில் சுவாஹிலி மொழி பேசுகிறவர்கள் உதயத்திலிருந்து மணி எண்ணுகிறவர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே பொழுது விடிவதால் காலை ஏழு அவர்களுக்கு முதல் மணி, எட்டு இரண்டாம் மணி. முள் எட்டில் நிற்க, நீ "இரண்டு மணி, தாத்தா" என்று தெளிவாகச் சொன்னாய். இட்லி சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்த தாத்தா, மதியச் சாப்பாடு எங்கே என்று பாட்டியைக் கூப்பிட, இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்று பாட்டி பதற, மருந்து மூளையைப் பாதித்துவிட்டதோ என்று அண்டை வீட்டார் கூடிவிட்டார்கள். உண்மை தெரிந்ததும் முதலில் சிரித்தவர் தாத்தாதான். நம் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்து தொடங்குவதுதானே, பையன் சொன்னதில் பிழையில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் உனக்காக வாதாடினார்.

கல்யாண வீட்டில் வாழையிலை போட்டதும் அது மாட்டுக்கு உரியது என்று நீ எழுந்து நின்றதைச் சொல்லாமல் விட மாட்டேன். மோஷியில் தோட்டத்து இலையும் தண்டும் தொழுவத்துக்குப் போவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்?

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் முந்திக்கொண்டு 'ஷிகாமூ' என்று வணங்க வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்று அதை ஏற்க வேண்டும் என்பது அந்த நாட்டு மரியாதை. நீ அதைத் தரங்கம்பாடித் தெருவில் ஒருவர் விடாமல் செய்தாய். பதில் வரும்வரை நகர மாட்டாய். மீன்காரம்மா ஒருவர் முதல் இரண்டு நாள் திகைத்தார். மூன்றாம் நாள், கூடையைத் திண்ணையில் இறக்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மரஹபா, ராசா" என்று சொல்லிவிட்டுத்தான் மீனை எடுத்தார். அதன்பின் தெருப் பிள்ளைகளும் அவருக்கு ஷிகாமூ சொல்லத் தொடங்கினார்கள். இதைக் கேலி என்று நீ எப்படி நினைக்கிறாய், கண்ணா? நீ கற்ற மரியாதையை ஒரு தெருவே ஏற்றுக்கொண்டது.

இவற்றை அப்படியே பேத்திக்குப் படித்துக் காட்டு. மோஷிப் பள்ளியில் குரங்கு பிடுங்கிய சோற்று டப்பாவை நீயே மரமேறி மீட்டாய் என்கிறார் அப்பா. வாட்ச்மேன்தான் மீட்டுக் கொடுத்தார் என்பது என் நினைவு. எது சரியென்று நீ எழுதினால்தான் இங்கே வழக்கு தீரும்.

அன்புடன்,
அம்மா