விசாரித்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உங்களில் ஒருவருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பியதை எல்லாம் வாசிப்பேன், அப்புறம் எழுதலாம் என்று போனை வைத்துவிடுவேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது 19 நாள். வெளியே இருந்த இரும்பு நாற்காலிதான் அந்த 19 நாளும் எனக்கு வீடு. கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும். சின்ன வயதிலிருந்து வேதம் வாசிக்கிறவள்தான் நான். ஆனால் முதல் சில நாள் ஒரு வசனம்கூட மனதில் நிற்கவில்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வராது.

ஆறாம் நாள் சாயங்காலம் சபையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மருந்து வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் எதையோ எழுதி என் கையில் வைத்துவிட்டுப் போனார். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." 1 பேதுரு 5:7.

எத்தனையோ தடவை வாசித்த வசனம். 'கவலைகளையெல்லாம் வைத்துவிடுங்கள்' என்ற பாதியைத்தான் எப்போதும் பிடித்துக்கொள்வேன். அப்படி வைக்க முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவேன். அன்றைக்குக் கண் போய் நின்றது 'விசாரிக்கிறவர்' என்ற வார்த்தையில். நாம் தினமும் புழங்குகிற வார்த்தைதானே அது? உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போனால், "இப்ப எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்போமே, அந்த விசாரிப்பு. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் எங்களை அப்படி விசாரிக்கிறார் என்று பேதுரு எழுதியிருக்கிறார். அதுவும் சௌகரியமாக இருந்தவர்களுக்கு இல்லை, பல இடங்களில் சிதறிப்போய், சோதனைகளினால் துக்கப்பட்டுக்கொண்டிருந்த விசுவாசிகளுக்கு. பேனா மை லேசாகக் கசிந்த அந்த ரசீதை வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் நான் வேறு கண்ணோடு பார்த்தேன். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்; தூதனும் கடிந்துகொள்ளாமல் இரண்டாம் தரம் வந்து எழுப்பினான். தினமும் மதியம் சாப்பாடு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகராமல் நின்றீர்களே, "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கும்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று என் நாற்காலியை வாங்கிக்கொண்டீர்களே, 1 இராஜாக்கள் 19-ஐ இனி வாசிக்கும்போதெல்லாம் உங்கள் முகங்கள்தான் வரும். நடுராத்திரியில் ரத்தம் கேட்டபோது ஒரே போனில் ஓடி வந்த வாலிபர் கூட்டத்துத் தம்பிகளே, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கும் ஒரு நன்றி. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு, ஐந்து நிமிடம் என்று சொல்லி என்னை உள்ளே விட்டார். அம்மாவின் காதருகே குனிந்து 121-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடிய ஆரோகண சங்கீதம் அது. எட்டே வசனம், அதற்குள் காக்கிறவர், காப்பார் என்று ஆறு தடவை வருகிறது. அம்மா கண் திறக்கவில்லை. ஆனால் "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற இடம் வந்தபோது, மருந்து மாற்றிக்கொண்டிருந்த அந்தச் சகோதரி கையை நிறுத்திவிட்டு அப்படியே நின்று கேட்டார். விடிய விடிய விழித்திருக்கிறவர் அவரும்தானே.

இதையும் சொல்லிவிடுகிறேன். விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அது பல நாள் முள்ளாகக் குத்தியது. அந்த நேரத்தில் போதகர் ஐயா வந்து என்னோடு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதரும் முதல் 7 நாள் அப்படித்தான், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவரையே குற்றப்படுத்திப் பேசிய அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா போகும்போது 56-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி மட்டும் சொன்னார்: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்றால் தோல் பை. அழுவது அவிசுவாசம் இல்லை, அதையும் தேவன் கணக்கில் வைத்திருக்கிறார் என்ற தைரியம் எனக்கு அந்த வரியில்தான் வந்தது.

அம்மா சுகமாகி வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் எல்லோரும் ஜெபித்தோம். அது நடக்கவில்லை. ஏன் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "உன் போக்கையும் உன் வரத்தையும்" காப்பார் என்று அந்த 121-ஆம் சங்கீதம் முடிகிறது. அம்மாவின் அந்தப் போக்கையும் அவர் காத்தார் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் சாய்ந்துதான் தூங்குகிறேன்.

பெயர் சொல்லி எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால் ஒருவர் பெயரையும் போடவில்லை. அப்புறம், உங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் மூன்று என்னிடமே இருக்கின்றன. நீல மூடி போட்டது யாருடையது என்று தெரியவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனைக்கு மூன்றையும் எடுத்து வருகிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரி